காலையிலும் ஒரு சொட்டு போடலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அம்மாவுக்கு 66 வயது. கண் அழுத்தம் 26 இருக்கிறது, கிளாக்கோமா (கண் நரம்பு தேயும் நோய்) என்று சொல்லி லட்டானோபுரோஸ்ட் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ராத்திரி ஒரு சொட்டு. பத்து நாளாகிவிட்டது, கண் சிவக்கிறதே தவிரப் பார்வை தெளியவில்லை. காலையிலும் ஒன்று போட்டால் சீக்கிரம் குறையுமா? அடுத்த மாதம் தஞ்சாவூருக்குப் போகிறார், மருந்தை எப்படிக் கொண்டுபோவது?”

காலைச் சொட்டு வேண்டவே வேண்டாம். இந்த வகை மருந்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போட்டால் பலன் கூடாது, இருக்கிற பலனும் குறைந்துபோகலாம். அவசரப்படுத்த முடியாத மருந்து இது. ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான், ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ஊறுகிற அளவுக்கு வெளியேறிக்கொண்டிருந்தால் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21க்குள் நிற்கும். வெளியேற இரண்டு வழி உண்டு. பெரிய வழி, கருவிழியின் ஓரத்தில் சல்லடை மாதிரி இருக்கும் ஒரு திசு. உங்கள் அம்மாவுக்கு இருப்பது பரவலாகக் காணப்படும் வகை என்றால், அந்தச் சல்லடை வழியாக நீர் சரியாக இறங்குவதில்லை. இன்னொன்று, பக்கத்திலுள்ள தசை நார்களுக்கு நடுவே நீர் கசிந்து போகிற சின்ன வழி.

உங்கள் மருந்து முக்கியமாக வேலை செய்வது அந்தச் சின்ன வழியில்தான். வீட்டு வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பீர்கள் இல்லையா, மண் இறுகிப் போனால் ஊற்றின தண்ணீர் மேலேயே நிற்கும், கொஞ்சம் கிளறிவிட்டால் சரசரவென்று இறங்கும். அதே மாதிரி இந்த மருந்து தசையில் உள்ள செல்களைத் தூண்டி, நார்களுக்கு நடுவே அடர்ந்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க வைக்கிறது. இடைவெளி தளர்கிறது, நீர் இறங்குகிறது. போட்ட சில மணி நேரத்திலேயே அழுத்தம் குறைய ஆரம்பிக்கும், 8 முதல் 12 மணி நேரத்தில் உச்ச பலன் தெரியும். ஆனால் திசு தளர்ந்து முழுப் பலன் நிலைக்க 3, 4 வாரம் ஆகும். பொதுவாக 25 முதல் 33 சதவீதம் குறையும், அப்படியானால் 26 என்பது 18, 19 வாக்கில் வந்து நிற்கலாம். பத்து நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பார்வை தெளியாததைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: தெளியாது. அழுத்தத்தால் கண் நரம்பில் போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு. “போட்டும் ஒன்றும் தெரியவில்லையே” என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நரம்பு தேய்வது வலிக்காது, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

சிவப்பு ஆரம்பத்தில் பலருக்கு வரும், பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள் இல்லாத சொட்டு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், உண்டு. இமை முடி நீளும், கண்ணைச் சுற்றித் தோல் கொஞ்சம் கறுக்கலாம், அதனால் வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். ஆனால் கடுமையான வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், அம்மா எப்படிப் போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மருந்து கொடுக்கும் கவுண்டரில் நான் “போட்டுக் காட்டுங்க” என்று கேட்பேன். ஒரு பாட்டி தலையை நிமிர்த்தினார், கை நடுங்கி இரண்டு சொட்டு கன்னத்தில் வழிந்தது, மூன்றாவது இமை மேல் விழுந்தது, “போட்டாச்சு” என்றார். மாதக்கணக்கில் அப்படித்தான் போட்டிருக்கிறார். அம்மாவைப் படுக்க வையுங்கள். பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றி, கீழிமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. உடனே கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் விட்டுப் போடுங்கள்.

திறக்காத லட்டானோபுரோஸ்ட் பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தது 25 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், ஏர்கான் இல்லாத நம் வீடுகளில் அது ஏது? குளிர்பெட்டிக் கதவிலேயே வையுங்கள், உறைய விடாதீர்கள். சில்லென்று இருப்பதால் சொட்டு விழுந்ததும் அம்மாவுக்குத் தெரியும், அது ஒரு வசதி. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, பெரும்பாலும் 4 வாரத்தில் மாற்ற வேண்டும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூருக்குக் கூடுதலாக ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். 2.5 மில்லிதான், கைப்பையிலேயே ஒரு சின்ன குளிர்ப்பையில் வைக்கலாம், ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி. பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதீர்கள். முடிந்தால் மருந்து தொடங்கி 4 வாரம் ஆன பிறகு, விமானம் ஏறுவதற்கு முன்பே அழுத்தத்தை ஒருமுறை அளக்க நாள் வாங்குங்கள். குறையாமல் இருந்தால் மருந்தை மாற்றவோ சேர்க்கவோ டாக்டருக்கு அப்போதுதான் அவகாசம் இருக்கும்.