எஞ்சின் பூட்டிய சைக்கிளுக்கு முன்பணம் கொடுக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: 1910-களில் அமெரிக்கப் பலகைத் தடங்களில் (மரப்பலகை பதித்த பந்தயத் தடங்களில்) ஓடிய பந்தய வண்டிகளின் சாயலில், பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சைக்கிள் ஒன்றைக் கையாலேயே செய்து தருவதாக ஒரு பட்டறை சொல்கிறது. எஞ்சின் 80 சி.சி. பெடல் இருப்பதால் இது சைக்கிள்தான், ஆர்.சி.யும் லைசென்ஸும் தேவையில்லை என்கிறார்கள். விலையில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். ஆர்.சி. தேவையில்லை என்று அவர்கள் சொல்வது தவறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2(28) பிரிவில், நான்குக்கும் குறைவான சக்கரங்களும் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. பெடல் இருக்கிறதா, இல்லையா என்பதை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம். அதைப் பதிவு செய்ய வேண்டுமானால், அந்த மாதிரிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் செய்து தரும் பட்டறையிடம் அந்த ஒப்புதல் இருப்பது மிக அரிது. ஒப்புதல் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கிடைக்காது. சாலையில் யார் மீதாவது மோதிவிட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் கைப்பணத்திலிருந்துதான் போக வேண்டியிருக்கும். அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

‘80 சி.சி.’ என்று சொல்லப்படுவதையும் சரிபார்க்க வேண்டும். அந்தப் பெயரில் விற்கப்படும் டூ-ஸ்ட்ரோக் கிட்டுகள் (சைக்கிளில் பொருத்தும் எஞ்சின் தொகுப்புகள்) பெரும்பாலானவற்றில் சிலிண்டரின் உள்விட்டம் 47 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 38 அல்லது 40 மி.மீ. கணக்குப் போட்டால் 66 அல்லது 69 சி.சி.தான் வருகிறது. பதிவு விஷயத்தில் இந்த வித்தியாசத்தால் எதுவும் மாறிவிடாது. ஆனால் பில்லில் 80 என்று எழுதினால் அது பொருளைப் பற்றிய தவறான விவரம். பிற்பாடு வழக்கு என்று வந்தால் உங்கள் பக்கம் நிற்கும் சான்று.

காட்சிக்கு வைக்கவும், பொதுமக்கள் நுழையாத உங்கள் சொந்த வளாகத்துக்குள் ஓட்டவும் மட்டுமே இந்த வண்டி வேண்டும் என்றால், அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். லாஸ் ஏஞ்சலஸ் அருகே பிளாயா டெல் ரேயில் 1910-இல் திறக்கப்பட்ட பலகைத் தடத்திலும் அதன் பின் வந்த தடங்களிலும் ஓடிய பந்தய வண்டிகளில் பிரேக்கே கிடையாது. 1912 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் நியூவார்க் தடத்தில் நேர்ந்த விபத்தில் ஓட்டியவர்கள் இருவரும், விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பலரும் இறந்தார்கள். அந்த வண்டிகளின் தாழ்ந்த ஹேண்டில்பாரும் நீண்ட டேங்கும் இன்றும் மனதைக் கவர்கின்றன. அந்தக் கைவேலையைச் சிரத்தையோடு செய்கிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தோற்றம் கெடக்கூடாது என்பதற்காக முன் பிரேக்கை விட்டுவிடும் பட்டறையிடம் வண்டி வாங்க வேண்டாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் உறிஞ்ச வேண்டும். சாதாரண சைக்கிளின் ரிம் பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டு சக்கரங்களிலும் டிரம் அல்லது டிஸ்க் பிரேக் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து, பின் சக்கரத்தில் எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மலிவான கிட்டுகளில், ஸ்போக்குகளின் இருபுறமும் ரப்பர் வட்டு வைத்து, ஒன்பது போல்ட்டுகளால் நெருக்கியிருப்பார்கள். எஞ்சினின் இழுவை முழுவதையும் ஸ்போக்குகளே தாங்குவதால் அவை ஒவ்வொன்றாக அறுகின்றன. ஸ்ப்ராக்கெட் மையம் விலகினால் செயின் ஒரு சுற்றிலேயே ஓரிடத்தில் விறைத்தும் ஓரிடத்தில் தொய்ந்தும் ஓடும். லேத்தில் கடைந்த அடாப்டரை ஹப்பின் மேலேயே இறுக்கிப் பொருத்தித் தருகிறவர் தொழில் தெரிந்தவர். சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெல்லச் சுற்றி, செயினின் தொய்வு எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

ஃபிரேமையும் டேங்கையும் பெயின்ட் அடிப்பதற்கு முன் நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். போக முடியாவிட்டால் ஒவ்வொரு மூட்டையும் அருகிலிருந்து எடுத்த படங்களைக் கேளுங்கள். பட்டி பூசித் தேய்த்து மேலே பெயின்ட் அடித்துவிட்டால், மோசமான வெல்டிங்கும் நல்ல வெல்டிங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். எஞ்சினைப் பிடிக்க ஃபிரேம் குழாயில் துளை போட்டிருந்தால் வாங்காதீர்கள். அதிர்வில் விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் தொடங்கும். டேங்கைத் தண்ணீரில் முக்கி, உள்ளே லேசாகக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று உங்கள் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபைபர் டேங்க் என்றால் தவிர்ப்பது நல்லது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் செய்த டேங்கை எத்தனால் நாளடைவில் இளக்கிவிடும்.

முன்பணத்தை ஒரே தவணையாகக் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு பகுதி, பெயின்ட் அடிக்காத ஃபிரேமைப் பார்த்தபின் ஒரு பகுதி, ஓட்டிப் பார்த்தபின் மீதி என்று பிரித்து, எந்தத் தேதிக்குள் வண்டி தரப்படும், தராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: அதே தோற்றத்தில் 250 வாட் மின்மோட்டார் வைத்த வண்டிக்கும் பதிவு வேண்டுமா?

பதில்: விலக்கு உண்டு, நிபந்தனையோடு. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்று தந்திருக்கவும் வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அத்தகைய நிறுவனங்களில் ஒன்று. விற்பவர் வாட் அளவைச் சொன்னால் போதாது, சான்றின் நகலைக் கேளுங்கள். வேகக் கட்டுப்பாட்டை ஒரு வயரைக் கழற்றி நீக்கிக்கொள்ளலாம் என்று காதோடு சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அந்த வயரைக் கழற்றிய நொடியில் விலக்கு போய்விடுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் ஒருவர் கையால் செய்யும் ஸ்பிரிங் ஃபோர்க்கை வரவழைத்து, தாத்தாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் பொருத்த விரும்புகிறேன். சரியாக வருமா?

பதில்: அளவெடுக்காமல் ஆர்டர் செய்தால் பெரும்பாலும் வராது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் ரிம்மில் அமரும் விட்டம் 635 மி.மீ.; அமெரிக்க குரூசர் சைக்கிள்களின் 26 × 2.125 டயருக்கு அது 559 மி.மீ. அந்தச் சக்கரத்துக்கென்று செய்த ஃபோர்க்கில் உங்கள் சக்கரம் அடங்குமா என்பதோடு, ஹெட் குழாயின் (ஃபிரேமின் முன்பக்கக் குழாயின்) உள்விட்டமும் நீளமும், அதனுள் நுழையும் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயின் மரையும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கேலிப்பரால் அளந்து, அளவு குறித்த படத்தைச் செய்பவருக்கு அனுப்பி, இந்த அளவுக்கே செய்து தருகிறேன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரேக் பொருத்த இடம் விடப்பட்டிருக்கிறதா என்பதையும் அதிலேயே கேளுங்கள். பழைய பாணி ஃபோர்க்குகள் பலவற்றில் அது இருக்காது. பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான் சுங்க வரி போடுவார்கள். பொருந்தாமல் திருப்பி அனுப்ப நேர்ந்தால் தபால் செலவும் உங்களுடையதாகும். வெளிநாட்டில் தனியாளாகத் தொழில் செய்பவரிடம் இங்கிருந்து வழக்குப் போட்டுப் பணத்தை மீட்பது நடைமுறையில் மிகக் கடினம். உள்ளூரில் நல்ல லேத் பட்டறையும் டிக் வெல்டிங் தெரிந்தவரும் கிடைத்தால் அவர்களிடமே செய்துகொள்வது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கேள்வி: வெளியூர்ப் பட்டறையிடம் முழுத் தொகையும் கொடுத்தேன். மாதங்கள் தாமதித்து வந்த வண்டியின் ஃபிரேம் சில வாரங்களில் விரிசல் விட்டது. ‘ஆர்டருக்குச் செய்த பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள், பில்லும் தரவில்லை.

பதில்: ஆர்டருக்குச் செய்த பொருள் என்பது குறையை மூடும் போர்வை ஆகாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அவ்வாறே. வண்டியை இனி ஓட்டாதீர்கள், விரிசலை மறுபடி வெல்டிங் செய்துவிடவும் வேண்டாம். அதுதான் உங்கள் முதன்மைச் சான்று, தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வுக்கு அனுப்ப முடியும். பக்கத்தில் அளவுகோலை வைத்து விரிசலைப் படமெடுங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிந்துபோகாமல் நகலெடுத்து வையுங்கள்.

பிறகு பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுங்கள். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும் என்பதால், ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பட்டறையின் வாய்மொழியை நம்பி அந்தக் காலத்தைக் கழிய விடாதீர்கள்.