முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள்

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன், வயது 32. அத்தை ஸ்பான்சர் செய்ததில் அப்பாவும் அம்மாவும் 2015-ல் அமெரிக்கா போனார்கள். எனக்கு 21 தாண்டிவிட்டதால் கூடவே போக முடியவில்லை. கிரீன் கார்டு வைத்திருந்த அப்பா 2016 மார்ச்சில் எனக்காக மனு போட்டார். 2021-ல் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. இப்போது மும்பையில் நேர்காணல் தேதி வந்திருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு எனக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "கோயிலில் தாலி கட்டிக்கோ, ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம், கல்யாணம் ஆகலைன்னே சொல்லிடலாம்" என்கிறார் மாமா. செய்யலாமா? 2019-ல் டூரிஸ்ட் விசா கேட்டு மறுத்துவிட்டார்கள். நேர்காணலுக்கு வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பதிவு செய்யாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பது சட்டத்தில் எங்கும் கிடையாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி, இரு தரப்பில் ஒருவரின் வழக்கப்படி சடங்கு நடந்தாலே திருமணம் செல்லும். தமிழ்நாட்டில் 1967-ல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம்தான். பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது என்று அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு கல்யாணம் நடந்த ஊரின் சட்டப்படி அது செல்லுமா என்பதைத்தான் அமெரிக்க அதிகாரிகளும் பார்ப்பார்கள். ஆகவே திருச்சியில் தாலி ஏறிய நிமிடத்திலிருந்து மும்பையிலும் நீங்கள் திருமணமானவர்.

அதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். அப்பா மனு போட்டபோது நீங்கள் எஃப்-2பி என்ற பிரிவில் இருந்தீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவரின், 21 வயது தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகளுக்கான பிரிவு அது. அவர் குடிமகனானதும் உங்கள் மனு எஃப்-1 பிரிவுக்கு, அதாவது குடிமக்களின் 21 வயது தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகளுக்கான பிரிவுக்கு மாறிவிட்டது. 2021-க்கு முன்பே நீங்கள் கல்யாணம் செய்திருந்தால் மனு அன்றே ரத்தாகியிருக்கும், ஏனென்றால் கிரீன் கார்டுதாரரின் திருமணமான பிள்ளைகளுக்குப் பிரிவே கிடையாது. இப்போது செய்துகொண்டால் மனு சாகாது, குடிமக்களின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 பிரிவுக்குப் போகும். 2016 மார்ச் என்ற முன்னுரிமைத் தேதியும், அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் மனுத் தேதியும், உங்களிடமே இருக்கும். ஆனால் எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின்களில், 2025 இறுதி நிலவரப்படி, இந்தியர்களுக்கு எஃப்-1 வரிசை 2016-ன் கடைசிக்கு வந்திருந்தது, எஃப்-3 வரிசை 2011-லேயே நின்றது. அந்த வரிசை வருடத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் நகர்வதும் இல்லை. கையில் இருக்கும் நேர்காணல் போய், மறுபடி பல வருடக் காத்திருப்பு தொடங்கும்.

கல்யாணத்தை மறைத்து விசா வாங்கினால் இதைவிட மோசம். நேர்காணலில் வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவீர்கள். அங்கே முக்கியமான ஒன்றைப் பொய்யாகச் சொன்னால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி ஆயுள் தடை. விலக்கு கேட்கலாம், அதற்கு அமெரிக்காவில் உள்ள பெற்றோரோ துணைவரோ நீங்கள் வர முடியாவிட்டால் மிகக் கடுமையான துன்பத்துக்கு ஆளாவார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அன்றைக்குத் தப்பித்தாலும் விஷயம் முடியாது. பின்னால் கணவருக்கு மனு போடும்போது திருமணத் தேதி கேட்பார்கள். பொய்த் தேதி எழுதினால் இரண்டாவது மோசடி, உண்மைத் தேதி எழுதினால் முதல் மோசடி வெளியே வந்துவிடும். கிரீன் கார்டையே பறித்து நாடு கடத்த அது போதும்.

விசா கிடைத்த பிறகு, விமானம் ஏறுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்ற யோசனையும் யாராவது சொல்வார்கள். கூடாது. அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி உங்களை உள்ளே அனுமதிக்கும் வரை நீங்கள் திருமணமாகாதவராகவே இருக்க வேண்டும். நடுவில் தாலி ஏறினால் அந்த விசா செல்லாது.

நிச்சயதார்த்தத்துக்குத் தடை இல்லை. கேட்டால், "நிச்சயம் ஆகியிருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நம் ஊரில் நிச்சயத்துக்கே பட்டுப்புடவை, மாலை, மோதிரம், மண்டபம் என்று எல்லாம் வந்துவிட்டது. மாலையும் மோதிரமும் மாற்றிக்கொள்வது 7-ஏ பிரிவில் திருமண முறையாகவே இருக்கிறது என்று மேலே சொன்னேன். குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 விண்ணப்பப் படிவத்தில் உங்கள் சமூக வலைதளக் கணக்குகளையும் கேட்கிறார்கள். மாலையோடு நிற்கும் படத்தை அதிகாரி பார்த்தால் கேள்வி நிச்சயம் வரும். நிச்சயம் இன்னும் நடக்கவில்லை என்றால் தாம்பூலம் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடந்துவிட்டது என்றால் அழைப்பிதழ், முகூர்த்தம் தள்ளிவைத்ததற்கான மண்டப ரசீது இவற்றைக் கையில் வைத்திருங்கள்.

2019 விண்ணப்பத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது இதுதான். டூரிஸ்ட் விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி உண்டு. டிராவல் ஏஜென்ட் நிரப்பிய படிவங்களில் அதற்கு 'இல்லை' என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். 2016-லேயே அப்பாவின் மனு இருந்தது, அந்தப் பழைய படிவமும் அதிகாரியின் கணினியில் இருக்கும். நகல் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். தவறாக இருந்தால், நேர்காணலுக்கு முன்பே அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதிகாரி தோண்டி எடுப்பதற்குள் நீங்களே சொல்வது நல்லது. டிஎஸ்-260-ல் பழைய விசா மறுப்பை மறைக்கவே வேண்டாம்.

காகிதங்களில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பெயர் சேர்க்க முடியுமா என்று மாநகராட்சியில் உடனே கேளுங்கள். அப்பாவின் பெயர் சான்றிதழில் இனிஷியலோடும் அமெரிக்க பாஸ்போர்ட்டில் விரிவாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரமும் அவருடைய பழைய இந்திய பாஸ்போர்ட் நகலும் வையுங்கள். மனு போட்டவர் அப்பா என்பதால் பெற்றோரின் திருமணச் சான்றும் தேவை. போலீஸ் கிளியரன்ஸை பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்குங்கள். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் வேண்டும். மெடிக்கலைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் சந்தேகம் வந்து சளியை கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) அனுப்பினால் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும்.

அப்பா கையெழுத்திடும் ஐ-864 பண ஆதரவு உறுதிப் படிவத்தில் வருமானத்தோடு இன்னொன்றும் உண்டு. 2025 கணக்குப்படி அப்பா, அம்மா, நீங்கள் என மூவருக்கு வருடம் 33,312 டாலர் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. குறைந்தால் அத்தை மாதிரி ஒருவர் கூட்டு ஸ்பான்சராகலாம். ஆனால் அப்பா வருடத்தில் பாதியைத் திருச்சியில் கழிக்கிறார் என்றால், அவர் நிரந்தரமாக வசிப்பது அமெரிக்காவில்தான் என்று வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரி ஆவணம் கொண்டு காட்ட வேண்டும். இதைக் கூட்டு ஸ்பான்சர் ஈடுகட்ட முடியாது.

ஏதாவது காகிதம் குறைந்தால் 221(ஜி) என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பதறாதீர்கள், கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் போய், திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டால், கிரீன் கார்டுதாரரின் துணைவருக்கான எஃப்-2ஏ பிரிவில் கணவருக்கு மனு போடலாம். 2025 இறுதி நிலவரப்படி அந்த வரிசை சுமார் இரண்டு வருடம்தான் பின்தங்கியிருந்தது. இப்போதே கல்யாணம் என்று அவர்கள் உறுதியாக நின்றால் அதுவும் சட்டப்படியான வழிதான். எஃப்-3-ல் கணவரும் பிறக்கும் குழந்தைகளும் உங்களோடு சேர்ந்தே போகலாம். ஆனால் அத்தனை வருடக் காத்திருப்பில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனு ரத்தாகும், மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம் என்றாலும் அது அதிகாரியின் விருப்பம். அப்படி முடிவெடுத்தால் நேர்காணலுக்கு முன்பே தூதரகத்துக்குத் திருமணத்தைத் தெரிவித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், வரிசை வந்து நிற்கும் இந்த நேரத்தில் முகூர்த்தத்தைத்தான் தள்ளிவைப்பேன்.

நுழைந்த பிறகு இத்தனை நாள் தங்கியே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற விசாவில் நுழைவு முத்திரை விழுந்ததும் அதுவே ஒரு வருடத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டு. சில வாரங்களில் திருச்சி வந்து ஊரறியக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கணவருக்கான மனுவில் முதலில் இணைக்க வேண்டியது அந்தச் சான்றிதழ்தான், அதனால் அமெரிக்கா திரும்புவதற்குள் கையில் வாங்கிவிடுங்கள்.