பாரில் இருந்த ரத்தம்

கேள்வி: பையன்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருக்கிறேன். 10 முதல் 13 வயது வரை எட்டுப் பேர். ஆறு மாதமாக யாருக்கும் ஆர்வமே இல்லை. தாமதமாக வருகிறார்கள், ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்) பக்கம் போகவே சலித்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் அட்டவணை ஒட்டினேன், பரிசு கொடுத்தேன், திட்டியும் பார்த்தேன். போன வருடம் நன்றாகச் செய்தவன்கூட இப்போது தடுமாறுகிறான். ஒருவன் மட்டும் விதிவிலக்கு. உள்ளங்கை கிழிந்ததைச் சொல்லாமலே ஒரு வாரம் பயிற்சி செய்தான். பாரில், அதாவது தொங்கி ஆடும் கம்பியில், ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அவனைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறேன். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: தம்பி, இதே கேள்வியோடு எனக்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அட்டவணை, பரிசு, திட்டு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ரத்தத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு வாரம்! தினமும் அவன் உங்கள் கண் முன்னால் கை வழுக்காமலிருக்கச் சாக் பொடி பூசிக்கொண்டு பாரில் தொங்கியிருக்கிறான். ஒரு நாள்கூட அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையா? பெற்றவர்கள் பிள்ளையை உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை நீங்கள்தான் அவனுக்கு அப்பாவும் அம்மாவும். ஒரு தாய்க்கு, பிள்ளை சாப்பிட உட்கார்ந்ததுமே அவன் கை தெரிந்துவிடும். உங்களுக்குக் கம்பி சொல்ல வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய தவறு, அவனை உதாரணமாக நிறுத்தியது. மற்ற ஏழு பேரும் அதில் என்ன கற்றிருப்பார்கள்? இங்கே வலியை மறைப்பவனுக்குத்தான் மரியாதை என்று. மறைக்க முடியாத பையன் என்ன செய்வான்? தாமதமாக வருவான். ரிங்ஸ் முறை வரும்போது தண்ணீர் குடிக்கப் போவான். ஆர்வம் இல்லை என்று இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் நன்றாகச் செய்தவன் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, வளர்ச்சி. அந்த வயதில் கை கால் திடீரென்று நீளும், எடை கூடும், பலம் பின்னால்தான் வந்து சேரும். பழைய உடம்போடு பழகிய ஸ்விங் (ஊசலாட்டம்) புது உடம்போடு ஒத்துவராது. பாமல் ஹார்ஸிலும் (கைப்பிடி வைத்த குதிரை மேடை) ஹேண்ட்ஸ்டாண்டிலும் (தலைகீழாகக் கையில் நிற்பது) முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. வளரும் பிள்ளைக்கு எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி எலும்பைவிட மென்மையானது. அங்கே வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்யச் சொல்லக் கூடாது.

உங்களுக்கு என்ன அவசரம் என்றும் எனக்குப் புரியவில்லை. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் சீனியராகச் சர்வதேசப் போட்டியில் இறங்கவே அந்த ஆண்டுக்குள் 18 வயது ஆக வேண்டும். ஜப்பான் வீரர் கோஹெய் உச்சிமுரா 2016 ரியோ ஒலிம்பிக்கில் இரண்டாவது முறையாக ஆல்-ரவுண்ட் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த போட்டி) தங்கம் வாங்கியபோது அவருக்கு 27 வயது. உங்கள் பையன்களில் மூத்தவனுக்கே 13தான்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? வார்ம்-அப்புக்கு முன்னால் எட்டுப் பேரையும் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவன் உள்ளங்கையையும் நீங்களே பிடித்துப் பாருங்கள். காய்ப்பு மேடாக இருந்தால் தேய்த்துச் சமமாக்கக் கற்றுக்கொடுங்கள், மேடுதான் கம்பியில் சிக்கிக் கிழியும். கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, கட்டுப் போட்டு, ஆறும்வரை பார் வேண்டாம். அந்த நாட்களில் கால் பலம், ஸ்ப்ளிட் (கால்களை முழுக்க விரித்து உட்காருவது), குதித்து இறங்கும் பயிற்சி என்று எவ்வளவோ இருக்கிறது. "இன்றைக்கு மணிக்கட்டு வலிக்கிறது சார்" என்று ஒருவன் வாய் திறந்தால் எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டுங்கள். முதல் நாள் யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தாவது நாள் ஒருவன் சொல்வான். அதுவரை பொறுங்கள்.

அப்புறம், அந்த அட்டவணையைக் கழற்றுங்கள்.

கை கிழிந்த பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் கவனிக்காதது என் தப்பு" என்று சொல்லுங்கள். இன்று இரவே அவன் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.