பேன் ஷாம்பு மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: சொந்த ஊரில் கிளினிக் நடத்தும் மருத்துவர் நான். பெரியப்பா சென்ற மாதம் வாந்தி, உள்ளங்கால் எரிச்சல் என்று படுத்து இறந்துபோனார். சில நாளில் அவர் மகனும், அதாவது என் அண்ணனும், அதேபோலப் போய்விட்டார். போஸ்ட்மார்ட்டம் செய்யாமலே எரித்துவிட்டார்கள். சொத்துக்காகச் சண்டை போட்ட அண்ணி மேல்தான் எனக்குச் சந்தேகம். 'வெளியே சொல்லிக் குடும்ப மானத்தை வாங்காதே' என்கிறார் அப்பா. அண்ணன் மகனுக்குப் பேன் ஷாம்பு ஒத்துக்கொள்ளாமல் முடி வேறு கொத்தாகக் கொட்டுகிறது. நான் பேசுவதா, சும்மா இருப்பதா?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: அண்ணியின் சண்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஷாம்பு மேல் பழி. நீங்கள் மருத்துவர்தானா?

முதலில் வாந்தி, அப்புறம் போர்வை பட்டாலே தாங்காத கால் எரிச்சல், இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக முடி. தாலியம் என்ற விஷ உலோகத்தின் பெயர் உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையா? அதன் உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. 2023இல் மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் சில வாரங்களுக்குள் ஒரே குடும்பத்தில் 5 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள் இருந்ததால்தான் விஷமோ என்ற சந்தேகமே வந்தது. உங்கள் குடும்பத்தில் அந்த ஒற்றுமை உங்கள் கண்ணெதிரே இருக்கிறது.

தாலியம்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது, கேட்டால்தான் பார்ப்பார்கள். பையனை இன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேருங்கள். 24 மணி நேரச் சிறுநீரில் தாலியம், ஆர்சனிக் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தாலியம் என்றால் பிரஷ்யன் ப்ளூ என்ற மாற்று மருந்து இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கவே நேரம் ஆகும். வார்டில் படுத்திருக்கும்வரை அந்த வீட்டுச் சோறும் தண்ணீரும் அவன் வாய்க்குப் போகாது. எனக்கு அதுதான் முதலில் வேண்டும். வீட்டிலிருந்து யார் டிபன் கேரியர் கொண்டுவந்தாலும் கொடுக்க விடாதீர்கள்.

யார் செய்தது என்று துப்பறிவது உங்கள் வேலை இல்லை. அண்ணி கொலைகாரியாக இருக்கலாம், அடுத்து விழப்போகிறவராகவும் இருக்கலாம். அவர் அந்தப் பையனின் தாய் என்பதுகூட உங்கள் கடிதத்தில் எங்கும் உறைக்கவில்லை. யாரும் செய்யாமல், ஏதோ பூச்சி மருந்து உணவில் கலந்திருக்கவும் கூடும். அண்ணிக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்தே பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வீட்டில் மாவு, மசாலா, குடிநீர் எதையும் யாரும் கொட்டிக் கழுவ வேண்டாம். பணியிலிருக்கும் மருத்துவரிடம் இரண்டு சாவையும் மறைக்காமல் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடச் சொல்லுங்கள். போலீஸுக்குத் தகவல் போகும், போகட்டும்.

அப்பா சொல்லும் மானம் எனக்கும் தெரியும். பெற்றவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று இதே பக்கத்தில் பல பேருக்கு எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் தட்டுங்கள். அண்ணன் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு நீங்கள் அத்தை. மருத்துவம் படித்த அத்தை. அப்பாவிடம் அனுமதி கேட்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னால் போதும்.