குமிழித் தூணில் திடத்துகள் சேர்த்தால் கேஸ் ஹோல்டப் கூடுமா, குறையுமா?

குமிழித் தூண் என்பது திரவம் நிரப்பிய உயரமான குழாயில் அடியிலிருந்து வாயுவைக் குமிழிகளாக விடும் அமைப்பு. அதற்குள் இருக்கும் மொத்தக் கனஅளவில் வாயு பிடித்திருக்கும் பங்குதான் கேஸ் ஹோல்டப். துகள் போட்டால் ஹோல்டப் குறையும் என்று ஒரு கட்டுரையும் கூடும் என்று இன்னொரு கட்டுரையும் சொல்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். துகள் எவ்வளவு பெரியது, எவ்வளவு போட்டார்கள், அதன் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டுமா ஒட்டாதா, இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

எம்.டெக். ப்ராஜெக்ட்டில் ஓர் அக்ரிலிக் குழாயை வைத்துக்கொண்டு இதைத்தான் ஆறு மாதம் பார்த்தேன். காற்று நன்றாகக் கொந்தளித்து ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடிவிட்டு, மட்டம் இறங்குவதை வீடியோ எடுப்போம். முதலில் பெரிய குமிழிகள் வெளியேற, ஓரிரு நொடியில் மட்டம் மளமளவென்று விழும். அப்புறம் சிறு குமிழிகள் மெதுவாக ஏறி வர, மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நுண்ணிய சிலிக்கா பொடியைச் சேர்க்கச் சேர்க்க அந்த இரண்டாவது கட்டம் சுருங்கிக்கொண்டே போனது. அதாவது காணாமல் போனவை சிறு குமிழிகள்தான், பெரியவற்றின் பங்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1990களில் ஆம்ஸ்டர்டாமில் பாரஃபின் எண்ணெயில் கனஅளவில் 36 சதவீதம் வரை சிலிக்கா கலந்து பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். ஸ்லரி, அதாவது துகள் கலந்த திரவம், கெட்டியாகும்போது குமிழிகளை உடைக்கும் கொந்தளிப்பு தணிந்துவிடுகிறது, அதனால் ஒருமுறை ஒன்றுசேர்ந்த குமிழி மறுபடி எளிதில் உடைவதில்லை, பெரிதாகி வேகமாக மேலே போய்விடுகிறது. குழாய்க்குள் வாயு தங்கும் நேரம் குறைந்தால் ஹோல்டப்பும் குறையத்தானே செய்யும்.

பெரிய துகள் என்றால் கதை வேறு. 6 மி.மீ. கண்ணாடி மணிகளைக் கீழிருந்து மேலே பாயும் தண்ணீரில் மிதக்கவிட்டு நடுவே காற்றை விட்டால், மணிகள் குமிழிகளை உடைக்கின்றன. 1 மி.மீ. மணிகளில் அது நடப்பதில்லை, குமிழிகள் சேர்ந்து பெரிதாகின்றன. அதோடு காற்றைத் திறந்ததும் படுகை, அதாவது மிதக்கும் மணிகளின் அடுக்கு, விரிவதற்குப் பதிலாகச் சுருங்குகிறது! ஒவ்வொரு குமிழியும் தன் பின்னால் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு விரைவாக ஏறிவிடுவதால், மணிகளைத் தூக்கிப் பிடிக்க மிஞ்சும் தண்ணீரின் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி இது.

எவ்வளவு துகள் போடுகிறோம் என்பதும் முக்கியம். தண்ணீரைவிடச் சற்றே கனமான, சுமார் 2 மி.மீ. கால்சியம் ஆல்ஜினேட் உருண்டைகளை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. சுமார் 3 சதவீதம் வரை உருண்டைகள் சீரான குமிழி ஓட்டத்தை நிலைப்படுத்தின, அதற்கு மேல் போனால் கொந்தளிப்பு சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஒரே துகள், எதிரெதிர் விளைவு.

தண்ணீர் ஒட்டாத துகளாக இருந்தால் அது குமிழியின் மேற்பரப்பிலேயே போய் உட்காரும். இரண்டு குமிழிகள் நெருங்கும்போது நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அது கிழித்துவிடக்கூடும். நுரையடக்கும் மருந்துகளில் நீர் ஒட்டாத சிலிக்கா சேர்ப்பது இதற்காகத்தான். தண்ணீர் ஒட்டும் நுண்துகளைக் கொஞ்சமாகப் போட்டால் படலம் வடிய நேரமாகி, ஹோல்டப் கூடவும் வாய்ப்புண்டு.

இதெல்லாம் வெறும் ஆய்வகச் சமாசாரம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்கில் 1993இல் ஓடத் தொடங்கிய, 5 மீட்டர் விட்டமும் 22 மீட்டர் உயரமும் கொண்ட ஃபிஷர்-ட்ராப்ஷ் ரியாக்டரும் (கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் வாயுக்களை மெழுகாகவும் எரிபொருளாகவும் மாற்றுவது) இந்த வகைதான். உருகிய மெழுகில் வினையூக்கிப் பொடி மிதக்க, கீழிருந்து வாயு ஏறும். பொடியைக் கூட்டினால் வினை கூடும், ஆனால் சிறு குமிழிகள் போய்விட்டால் வாயு திரவத்தில் கரையும் பரப்பு குறையும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வடிவமைப்பவரின் தலைவலி.

உங்கள் சொந்த அளவீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். அழுத்த வித்தியாசத்தை வைத்து ஹோல்டப் கணக்கிடுகிறீர்கள் என்றால், தண்ணீரின் அடர்த்தியைப் போடாதீர்கள், ஸ்லரியின் அடர்த்தியைப் போடுங்கள். நான் முதல் மாதம் முழுக்கத் தண்ணீர் அடர்த்தியையே போட்டு, ஹோல்டப் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததாக கிராஃப் வரைந்துவிட்டேன், எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று. அடியில் துகள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படிந்திருந்தால் மேலே இருக்கும் ஸ்லரியின் அடர்த்தி நீங்கள் கலந்த அளவை வைத்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்போகாது.