மரத்தில் வியர்வை படக்கூடாது – கடிதம்

அன்புள்ள அம்மா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வெந்நீர்க் குளியல் நிலையத்துக்குப் போகத் திட்டம் போட்டார்கள். ஐந்து ஆண்கள், என்னையும் சேர்த்து மூன்று பெண்கள். அங்கே சவுனா என்ற வெப்ப அறைக் குளியல் பகுதியில் யாரும் துணி உடுத்தக்கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறைதான் என்று தெரிந்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர்கள் அதைப் பற்றி மழை வெயில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். வீட்டில் சொன்னேன். "வெட்கங்கெட்ட ஜனங்கள்" என்றார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர்கள் ஒருநாளும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. அப்படியானால் குறை என்னிடமா? இத்தனை படித்தும் நான் பட்டிக்காட்டு மனசோடுதான் இருக்கிறேனா? அடுத்த மாதம் மறுபடியும் போகிறார்களாம். என்ன சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் கணவர் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அலுவலகத்தார் அந்தச் சவுனாவிலிருந்து எழுந்து அதே நிலையத்தின் உணவகத்துக்குப் போகும்போது குளியல் அங்கியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். இல்லாமல் போனால் ஊழியர் திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்துப் பகுதியில் நீச்சல் குளம் இருந்தால் அங்கே நீச்சலுடை கட்டாயம். ஒரே கட்டடத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் துணி கூடாது, அந்தப் பக்கம் துணி இல்லாமல் கூடாது. வெட்கம் கெட்டுப்போன ஜனங்கள் இப்படி ஒரு கோட்டைப் போட்டு, அதைத் தினமும் காப்பாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான் 2011 குளிர்காலத்தில் மூன்று மாதம் லைப்சிக்கில் இருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது 71 வயது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பால்டிக் கடலோரத்தில் ரோஸ்டாக்கில் பிறந்து வளர்ந்தவர். குளிரில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எழ முடியவில்லை. மூன்றாம் நாள், மாத்திரையால் தீராது என்று சொல்லி என்னைச் சவுனாவுக்கு அழைத்துப் போனார். எனக்கு 48 வயது, இரண்டு பிள்ளை பெற்றவள். உடை மாற்றும் இடத்தில் துண்டை மாரோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். 'உடுக்கை இழந்தவன் கை' என்றாரே வள்ளுவர், அந்தக் கை யோசித்துவிட்டு நகர்வதில்லை. நட்புக்கு உவமை தேடியவர் அதைப் போய் எடுத்துக்கொண்டதே அதனால்தான். வீட்டுக்காரம்மா என் துண்டைத் தொட்டு, "இது போர்த்திக்கொள்ள இல்லை, கீழே விரிக்க" என்றார்.

உள்ளே மூன்று அடுக்காக மரப்படிகள். சுவரில் 'மரத்தில் வியர்வை படக்கூடாது' என்று எழுதியிருந்தது. ஜெர்மன் சவுனாவின் முதல் சட்டம் அதுதான். உள்ளங்கால் உட்பட உடம்பு முழுவதும் துண்டின்மேல் இருக்க வேண்டும். நீச்சலுடை ஏன் கூடாது என்று கேட்டாலும் சுத்தத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள்: செயற்கை நூல் துணி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளத்துக் குளோரின் அதில் ஊறியிருக்கும், 80, 90 டிகிரி வெக்கையில் அது தோலுக்கும் ஆகாது, பக்கத்தில் இருப்பவர் மூச்சுக்கும் ஆகாது. கைபேசி கூடாது. உரக்கப் பேசக்கூடாது. இவை எழுதி மாட்டிய சட்டங்கள். எழுதாத சட்டம், யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது என்பது. அன்று பதினைந்து பேர் இருந்திருப்பார்கள், பாதிக்கு மேல் ஆண்கள். ஒருவர் கண்ணும் என்மேல் நிற்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த மணல் கடிகாரத்தைப் பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஊழியர் ஒருவர் வந்து, கொதிக்கும் கற்களின்மேல் வாசனைத் தைலம் கலந்த தண்ணீரை ஊற்றி, துண்டைச் சுழற்றி ஆவியை எங்கள் பக்கம் வீசினார். ஆஃப்குஸ் என்று பெயர். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தட்டும்போதுதான் அது என் மாரை விட்டு எப்போதோ இறங்கியிருந்தது தெரிந்தது.

நம் ஊரில் துணி செய்கிற வேலையை அங்கே கண்கள் செய்கின்றன. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

அந்த அறையில் நான் பார்த்தவை சாதாரண உடம்புகள். உற்றுப் பார்க்காமலும் தெரிவது தெரியும். தொங்கிய வயிறு, நரம்பு புடைத்த கால், பிள்ளையை அறுத்தெடுத்த கோடு. வீட்டுக்காரம்மாவின் இடுப்பிலிருந்து தொடைவரை ஒரு நீளமான தழும்பு இருந்தது, எலும்பு மாற்றிய அறுவை. வெளியே வந்து அங்கியோடு சாய்ந்திருந்தபோது அதன் கதையைச் சொன்னார். எனக்கு என் அப்பாயி நினைவு வந்தது. அதுவரை, வளர்ந்த பெண் ஒருத்தியின் உடம்பை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறை, அப்பாயி இறந்த அன்று. கொல்லையில் நாலு பெண்கள் புடவையை மறைப்பாகச் சுற்றிப் பிடிக்க, உள்ளே பெரியம்மாவும் நானுமாகச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அவருடைய இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. இருபத்தாறு வருஷம் அவர் மடியில் புரண்டவள் நான், எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. எப்போது பட்டது, எப்படிப் பட்டது, யாரிடம் கேட்பது?

ஃபின்லாந்தின் கிராமங்களில் அந்தக் காலத்தில் பிரசவம் சவுனாவில்தான் நடந்தது என்று பிறகு படித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டிலேயே சுத்தமான, வெதுவெதுப்பான, வெந்நீர் கிடைக்கிற இடம் அது. இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். இடையில் இருந்த வாழ்நாள் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு அங்கேதான் உட்கார்ந்தார்கள். 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் இன்று சுமார் 30 லட்சம் சவுனாக்கள். யுனெஸ்கோ 2020இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஃபின்லாந்திலேயே அந்நியர்கள் கூடும் பொதுச் சவுனாவில் வழக்கமாக ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஹெல்சிங்கியில் 1928 முதல் விறகடுப்போடு நடக்கும் கோட்டிஹார்யூ சவுனாவில் அப்படித்தான். 2016இல் அதே ஊரில் கடலோரமாகத் திறந்த லோயுலுவில் இருபாலரும் சேர்ந்து உட்காரலாம், ஆனால் நீச்சலுடையோடு. சவுனா பிறந்த நாட்டுக்காரர்கள் பலருக்கே ஜெர்மன் வழக்கம் கூச்சத்தைத் தருகிறது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் நீச்சலுடைதான் வழக்கம். ஆகவே 'வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம்' என்று நினைத்து உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். கோடு நாட்டுக்கு நாடு இடம் மாறுகிறது.

ஜெர்மனிக்கு அதன் கோடு வந்த கதை தனி. ஆலைப் புகையும் வெளிச்சம் புகாத குடியிருப்பும் உடம்பைக் கெடுக்கின்றன, வெயிலும் காற்றும் தோலில் நேராகப் பட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் இயக்கம் அங்கே கிளம்பியது. 'சுதந்திர உடல் பண்பாடு' என்று பொருள்படும் ஜெர்மன் பெயரை எஃப்.கே.கே என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1920களில் பெர்லினில் அடோல்ஃப் கோஹ் என்ற ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்குத் துணியில்லாமல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நாஜிகள் 1933இல் வந்த சூட்டோடு இந்தச் சங்கங்களின்மேல் தடை போட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது வீரர்கள் தங்கிய கிராமத்தில் ஃபின்லாந்து அணிக்கென்று சவுனா இருந்தது. பிறகு போரில் ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்குப் போன ஜெர்மன் சிப்பாய்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள். சவுனா வடக்கிலிருந்து வந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதும் துணி களைவதும் ஜெர்மனியில் ஏற்கெனவே இருந்த மண்ணில் அதோடு ஒட்டிக்கொண்டன.

போருக்குப் பிறகு தனி நாடாகப் பிரிந்திருந்த கிழக்கு ஜெர்மனியில் இன்னும் ஆழமாக. 1954இல் அந்த அரசு பால்டிக் கடற்கரையில் அம்மணக் குளியலைத் தடுத்தது. ஜனங்கள் கேட்கவில்லை. 1956இல் அதற்கென்று இடங்களை ஒதுக்கி அனுமதிக்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரம்மாவுக்கு தடை வந்தபோது 14 வயது. தன் அம்மா கடற்கரையில் ஈரத்தோடு, ஒட்டுத்துணி இல்லாமல் நின்று, முழுச் சீருடையில் இருந்த போலீஸ்காரரிடம் வாதாடியதை என்னிடம் சொன்னார். பேசக் கூடாததும் போகக் கூடாத இடமும் நிறைந்த அந்த நாட்டில் அம்மா விட்டுக்கொடுக்காத ஒரு சுதந்திரம் அது என்றார். அவருக்குக் குரல் கம்மியது. சவுனாவை நான் அதற்குப் பிறகு வேடிக்கையான வழக்கமாக நினைத்ததில்லை.

கண்கள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) பொதுக் குளியலறைகளில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இறங்கினார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் செலவு, மரவீடுகளில் தீப் பயம், அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு தொட்டி. 1791இலேயே ஷோகன் என்ற படைத்தலைவரின் ஆட்சி அதைத் தடைசெய்து பார்த்தது, முழுக்க நிற்கவில்லை. 1854இல் கடற்படைத் தளபதி பெர்ரியின் அமெரிக்கக் கப்பல்கள் ஷிமோடா துறைமுகத்தில் நின்றபோது வந்தவர்கள் இந்தக் குளியலைப் பார்த்து அதிர்ந்தார்கள். ஒழுக்கங்கெட்ட ஜனங்கள் என்று எழுதினார்கள். உங்கள் கணவர் சொன்ன அதே சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொன்னவர்களின் ஓவியரே அந்தக் காட்சியை வரைந்தும் கொண்டார், பயண அறிக்கையில் அந்தப் படம் அச்சாகவும் செய்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, கரையில் நின்றவர்கள்தான் பார்த்தார்கள். 1868இல் வந்த மெய்ஜி அரசு, வெளிநாட்டார் முன் நாம் காட்டுமிராண்டிகளாகத் தெரியக்கூடாது என்று சில ஆண்டுகளுக்குள் தடையை இறுக்கியது.

அப்படியும் மலையோர வெந்நீர் ஊற்றுகள் சிலவற்றில் வழக்கம் இன்றுவரை தங்கியிருக்கிறது. அவோமோரி மாகாணத்து மலையில் சுகாயு என்ற ஊற்றில் 'ஆயிரம் பேர் குளியல்' என்று பெயர்பெற்ற பெரிய மரக்கூடம் இருக்கிறது. தண்ணீர் பால்போல வெளுத்திருப்பதால் இறங்கிவிட்டால் உடம்பு தெரியாது. ஆனாலும் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. பெண்கள் வருவார்களா என்று தண்ணீரில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஆண்களுக்கு ஜப்பானில் ஒரு பெயர் உண்டு: 'வானி', முதலை. அந்த முதலைகளால்தான் பெண்கள் ஒதுங்கினார்கள், இப்படிப்பட்ட குளியல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பார்வை ஒழுங்கு குலைந்த இடத்தில் துணி திரும்ப வந்தே தீரும், வர வேண்டும். சில ஊற்றுகளில் இப்போது குளிப்பதற்கென்றே தைத்த மேலுடை தருகிறார்கள். அதை நான் தோல்வியாக நினைக்கவில்லை.

இப்போது உங்கள் 'பட்டிக்காட்டு மனசு'. அந்தச் சொல்லை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நம் படித்துறைகளில் பாவாடையை மாருக்கு மேலே ஏற்றிக் கட்டி, ஈரப் புடவைக்குள்ளேயே உலர்ந்ததை நுழைத்து, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு விரற்கடைகூட வெளியே தெரியாமல் உடை மாற்றிய பெண்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. எதிர்க்கரையில் யார் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கண்களை நம்ப முடியாத ஊரில் துணியை நம்பினார்கள். அதோடு, துணி எல்லோருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை போட்டுக்கொள்வதற்காகத் தெருவில் அடிபட்டார்கள், மேலாடை கிழிக்கப்பட்டது. 1859இல் மன்னர் அனுமதித்தபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ரோஸ்டாக் கடற்கரையில் துணியைக் களைந்து நின்றவளும் நாகர்கோவில் பக்கம் துணிக்காக நின்றவளும் கேட்டது ஒன்றுதான்: என் உடம்பை நான் எப்படி வைத்துக்கொள்வது என்று நீ சொல்லாதே. உங்கள் கை துண்டை இழுத்துப் பிடிக்கிறது என்றால் அந்தக் கைக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அடுத்த மாதத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். வயிற்றுவலி வேண்டாம். "ஆண்களோடு சேர்ந்து உடையில்லாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை, நான் வரவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். ஜெர்மானியர்களுக்கு நேர்பேச்சு புண்படுத்தாது, பொய்தான் புண்படுத்தும். அவர்களிலேயே பலர் முன்பின் தெரியாதவர்களோடு போவார்கள், அலுவலகத்து ஆட்களோடு, அதுவும் மேலாளரோடு, போக மாட்டார்கள். உங்கள் மேசையிலேயே அப்படி ஒருவர் வாயைத் திறக்காமல் இருக்கலாம். நீச்சல் பகுதிக்கு மட்டும் நீச்சலுடையோடு போய்விட்டு, சவுனா வாசலில் விடைபெற்றுக்கொள்வதும் அங்கே சாதாரணம்.

அதைத் தவிர, நான் ஆசைப்படுவது ஒன்று. பல நிலையங்களில் வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும். அந்த நாளில், தனியாகவோ அந்த இரண்டு தோழிகளோடோ ஒருமுறை போய்ப் பாருங்கள். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் ஐந்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். எல்லா வயதுப் பெண்களின் உடம்பும் எப்படி இருக்கும் என்பதை உயிரோடு இருக்கும்போதே நீங்கள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. எனக்கு அது 48 வயதில்தான் கிடைத்தது.

துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று மரத்தில் விரிக்கப் பெரியதாக, ஒன்று துவட்ட. ரப்பர் செருப்பும் அங்கியும் வேண்டும். முதல் தடவை மேல்படியில் ஏறாதீர்கள், சூடு அங்கேதான் அதிகம். கீழ்ப்படியில் எட்டு நிமிடம் போதும். வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரைக் காலிலிருந்து மேலே ஊற்றிக்கொண்டு, அரைமணி நேரம் படுத்திருங்கள். இரத்த அழுத்தம் குறைவாக இருந்தாலோ, வயிற்றில் பிள்ளை இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

அன்புடன்.