பூனை வளர்க்கும் வீட்டில் உல்லன் பின்னலும் குரோஷா வேலையும் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஆனால் பூனை நூலை விழுங்குவதை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. அதன் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் நிறைந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலை எளிதில் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு பகுதி நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மீதியைக் குடல் கீழ்நோக்கித் தள்ளும்போது, நாடாவை இழுத்துக் கட்டிய பாவாடையின் இடுப்பைப் போலக் குடல் சுருங்கி மடிகிறது. இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும்.

ஆகவே வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால், தயவுசெய்து அதை இழுக்காதீர்கள். வாந்தியும் சோர்வும் தோன்றும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பல வேளைகளில் அறுவை சிகிச்சையே தேவைப்படும்.

பின்னலை விட்டு ஒரு நிமிடம் எழுந்தாலும், நூல்கண்டையும் ஊசியையும் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுவது என் வழக்கம். மூடியில் ஒரு துளையிட்டு நூலை அதன் வழியே எடுத்தால், பின்னும்போதும் கண்டு தரையில் உருண்டு பூனையை அழைக்காது. கத்தரித்த துண்டு நூல்களையும் அவ்வப்போதே பொறுக்கிவிடுங்கள். கவனத்திலிருந்து எளிதில் தப்புபவை அவையே.